களத்து ஓரம் வெயிலில் வைத்த புத்தகம்

புளித்த மாவின் வாடை எங்கள் வீட்டுத் தலையணை உறையில்கூட இருக்கும். சேந்தமங்கலத்துக்குப் போகும் சாலையில், கொல்லிமலை முழுதாகத் தெரிகிற ஓர் இடத்தில், என் அப்பா சின்னதாக ஒரு "சேகோ" வைத்திருந்தார். ஜவ்வரிசி ஆலை என்று எழுதினால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். எங்கள் பக்கத்தில் ஆலையையே சேகோ என்று சொல்லிவிடுவோம். மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவைச் சிமெண்டுக் களத்தில் காயவைக்கும் அந்த வேலையில் புளிப்பு வாடை துணியை விட்டும் தலைமுடியை விட்டும் போகவே போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் மூக்கைச் சுருக்கியிருப்பார்கள், ஆனால் நான் முதலாளி மகள் என்பதால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த வாடைக்கு நடுவே, குடோனில் அடுக்கியிருக்கும் மூட்டைகளின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு நான் உலகத்தைப் படித்தேன். படித்தேன் என்பது அடக்கமாகச் சொல்வது, விழுங்கினேன். எங்கள் ஊர் நூலகம் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. ஜோசியமும் சமையலும் துப்பறியும் கதையும் கை பட்டுப் பட்டுக் கிழிந்து கிடக்க, கடைசி அலமாரியில் மொழிபெயர்ப்பு நாவல்கள் மட்டும் அட்டை கலையாமல் நிற்கும். வேறு யாரும் தொடாத அலமாரி என்பதாலேயே அதை என் சொந்த அலமாரியாக நினைத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்பில் தொடங்கிப் பத்தாம் வகுப்பு முடிவதற்குள், சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்தவர்களும், பத்திரிகைகளைத் தடைசெய்த தளபதிகளும், பனி பெய்யும் சிறையிலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதியவர்களும், கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர்களும் எனக்கு நெருங்கிய சொந்தக்காரர்களாகிவிட்டார்கள். எந்த தேசத்தில் யார் யாரை அடக்கி வைத்தார்கள் என்று கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். எங்கள் சேகோவில் கிழங்கு சீவிய பெண்கள் குடிக்கத் தண்ணீர் எங்கே எடுத்தார்கள் என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

கரும்புத் தோட்ட நாவலைப் படித்து முடித்ததும், அந்த அடிமைகளுக்காக ஒரு வாரம் காபியில் சர்க்கரை வேண்டாம் என்று மறுத்தேன். காரணத்தை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் புரியாது என்று எனக்கு ஒரு நினைப்பு. அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்து, "வயித்துல பூச்சியா சாமி?" என்று கேட்டு, மறுநாள் காலையில் வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுத்தாள். உலகத்து அடிமைகளின் பொருட்டு அதையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அப்பாவுக்கு நான் படிப்பதில் அளவில்லாத பெருமை. மூட்டை தூக்க வருகிறவர்களிடம், "புள்ள படிக்குது, அந்தப் பக்கம் சத்தம் போடாம எடுங்க" என்பார். அவர்களும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, என்னைச் சுற்றியிருந்த மூட்டைகளைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த மரியாதையை நான் படிப்புக்குக் கிடைக்கும் மரியாதை என்று நம்பினேன்.

பூங்கொடி என் வகுப்பு. அவளுடைய அம்மா ராசம்மா எங்கள் சேகோவில் கிழங்கு சீவினார். நாங்கள் ஊருக்குள், அவர்கள் "காலனி"யில். தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். அவள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு சேகோவுக்கு வரும்போது மட்டும், கேட்டைத் தாண்டியதும் நான் அவளுக்கு "வாங்க, போங்க" ஆகிவிடுவேன். யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே வந்ததும் அவள் மறுபடியும் நீ என்பாள், எனக்கும் அது வித்தியாசமாகப் பட்டதில்லை.

அவளும் புத்தகம் படிக்கிறவள் என்று எனக்குத் தெரியவந்தது நூலகத்தில்தான். கடைசி அலமாரிக்கு முன்னால், என் அலமாரிக்கு முன்னால், நின்றபடி ஒரு தடித்த நாவலின் நடுப்பக்கத்தில் இருந்தாள். ஏன் நின்றுகொண்டு படிக்கிறாய், வீட்டுக்கு எடுத்துப் போகலாமே என்றேன். உறுப்பினராக வேண்டுமென்றால் வீட்டு வரி கட்டுகிற ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம், தங்கள் வீட்டுக்கு வரி ரசீது கிடையாது என்றாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து அரைமணி நேரம் நின்று படித்து, பக்க எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போவாளாம். பிறகு பாவாடைப் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த உறுப்பினர் விண்ணப்பத்தை எடுத்து நீட்டி, "உங்கப்பாகிட்டக் கேட்டு ஒரு கையெழுத்து வாங்கித் தாரியா?" என்று கேட்டாள். எங்கப்பா கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிற ஆள். தாரேன் என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த விண்ணப்பம் எட்டு மாதம் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது. அப்பா ஊரில் இல்லை என்றேன், அப்பா கோபமாக இருக்கிறார் என்றேன், ரசீதைத் தேட வேண்டியிருக்கிறது என்றேன். உண்மையில் நான் அப்பாவிடம் கேட்கவே இல்லை. கேட்டால், ராசம்மா மகளோடு உனக்கென்ன பழக்கம் என்று பேச்சு வளரும் என்ற பயம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் அப்பா பேரில் ஒன்று, என் பேரில் ஒன்று என்று இரண்டு அட்டைகள் இருந்தன. அப்பாவின் அட்டையில் நான் எடுக்கும் புத்தகத்தைப் பூங்கொடிக்குக் கொடுத்தேன். அவள் என் கையை எதிர்பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. பெரிய உபகாரம் செய்கிறவளாக என்னை நானே பார்த்துக்கொண்டேன், நாவல்களில் வரும் நல்ல எஜமானியம்மாள் மாதிரி.

முதல் தடவை அவளிடமிருந்து திரும்பி வந்த புத்தகத்தை அம்மா பார்த்துவிட்டாள். வேறு காகிதத்தில் அட்டை போட்டிருந்ததால், "இது ஆரு கையில இருந்து வருது?" என்று கேட்டாள். சொன்னேன். அம்மா திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "எதுக்கும் செத்த நேரம் வெயில்ல போட்டு எடு சாமி. பூச்சி கீச்சி இருக்கும்" என்றாள். நானும் களத்து ஓரம் வைத்து எடுத்தேன். நூலகத்திலிருந்து நேராக வீட்டுக்கு வரும் புத்தகங்களில் இல்லாத பூச்சி பூங்கொடி வீட்டிலிருந்து வரும் புத்தகத்தில் மட்டும் எப்படி இருக்கும் என்று, ஐந்து கண்டத்து அநியாயங்களையும் அறிந்திருந்த எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதன் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. புத்தகம் வரும், வெயிலில் கிடக்கும், மாலையில் உள்ளே போகும்.

பத்தாம் வகுப்பின் நடுவில் அந்த நாவல் வந்தது. தெற்கே எங்கோ ஒரு தேசம். வெள்ளைக்காரர்களுக்கென்று தனி வாசல், தனி வரிசை, பூங்காவில் தனி பெஞ்சு. ஒரு கறுப்பினக் கிழவி மயக்கம் வந்து தெரியாமல் அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறாள். அவளை எழுப்பி விரட்டிவிட்டு, பெஞ்சுக்கு மருந்துத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுகிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மூட்டைமேல் குப்புறப் படுத்து அழுதேன். அந்த தேசத்தின் மீது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். மறுநாள் நாவலைப் பூங்கொடியிடம் கொடுத்து, இதைக் கட்டாயம் படி, உலகத்தில் என்னென்ன நடக்கிறது என்று தெரியும் என்று சொன்னேன்.

அவள் ஒரு வாரத்தில் படித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது நாவலைத் திருப்பிக் கொடுத்தாள். நான் பெஞ்சுப் பக்கத்தைப் பற்றிப் பேசினேன், கிழவியின் கஷ்டத்தைப் பற்றி, நான் அழுததைப் பற்றி. அவள் பாதியில் குறுக்கிட்டு, "அந்தப் பெஞ்சைக் கழுவறவன் ஆருன்னு பாத்தியா? அவனும் கறுப்பந்தான். அந்தக் கிழவி தெருவுக்காரன். கழுவறப்ப அவன் கிழவி பக்கம் திரும்பவே இல்ல" என்றாள். நான் கவனித்திருக்கவில்லை. கழுவியவனுக்கு அந்த நாவலில் பேர்கூடக் கிடையாது, அரை வரிதான் வருவான். முன்னூறு பக்கத்தில் அவள் அந்த அரை வரியைப் பிடித்திருந்தாள். நான் அழுகிற இடம் பார்த்துப் படித்தேன். அவள் யார் யாருக்காக என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்துப் படித்திருக்கிறாள்.

மறுநாள் சனிக்கிழமை நடந்ததை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எப்போதும் இப்படித்தான் சொல்வேன். பகல் பதினோரு மணி இருக்கும். களம் முழுக்க மாவு கண்ணைக் கூசும் வெள்ளையாகப் பரப்பிக் கிடந்தது. பையில் இருந்த நாவலை அம்மா பார்த்துவிட்டாள். "அந்தப் புள்ள குடுத்ததா?" என்று கேட்டு, என் கையிலிருந்து வாங்கி, இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக் கொண்டுபோய்க் களத்து ஓரம் விரித்து வைத்து, காற்றில் பக்கம் புரளாமல் மேலே ஒரு கல்லையும் வைத்தாள். நான் எதுவும் பேசாமல் நின்றேன். நிமிர்ந்து பார்த்தால், கேட்டருகே சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு பூங்கொடி நின்றுகொண்டிருந்தாள். புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "எங்கம்மா உள்ளுக்கு இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, கிழங்குக் குவியல் பக்கமாகப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் என் டெஸ்க்குக்கு வந்து, அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடு, சைக்கிள் கடைக்காரர் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார் என்றாள். ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடிப்பில் காம்பஸ் முனை குத்தி ஓட்டையாகியிருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் என்னிடம் ஒரு புத்தகமும் வாங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து நாமக்கல்லில் மாவட்ட அளவில் போட்டிகள் நடந்தன. எங்கள் பள்ளியிலிருந்து நாலு பேரை டீச்சர் பஸ்ஸில் கூட்டிப் போனார். நான் பேச்சுக்கு, பூங்கொடி ஓவியத்துக்கு. என் தலைப்பு "உலக இலக்கியமும் மனித உரிமையும்". சுரங்கத்திலிருந்து கரும்புத் தோட்டம் வரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியில் பெஞ்சுக்கு வந்தேன். கிழவியைச் சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தப் பெஞ்சைக் கழுவியவனும் ஒரு கறுப்பன்தான், அவையோரே, அதை நாம் கவனித்தோமா என்று கேட்டேன். நானே கண்டுபிடித்ததுபோலத்தான் சொன்னேன். மூன்றாவது வரிசையில், சுருட்டிய ஓவியத்தாளை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்தவள் உட்கார்ந்திருந்தாள்.

பேசி முடித்ததும் நடுவர்களில் ஒருவர், வயதானவர், கண்ணாடியைக் கழற்றியபடி கேட்டார். "ரொம்ப நல்லாப் பேசினேம்மா. இதே மாதிரி உங்க ஊர்ல ஏதாவது நீ பார்த்திருக்கியா?" என்றார். போட்டியில் இப்படிக் கேட்கும் வழக்கமே இல்லை. மனுஷர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு ஒரு கணம்கூடத் தயக்கம் வரவில்லை. "இல்லீங்க ஐயா. எங்க ஊர்ல எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கறோம்" என்றேன். கைதட்டினார்கள். பூங்கொடியும் தட்டினாள். அவர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தில் ஏதோ எழுதினார். எனக்கு முதல் பரிசு. திரும்பி வரும்போது பஸ்ஸில் பூங்கொடி எனக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்து, "நல்லாப் பேசுனே" என்று மட்டும் சொன்னாள். வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்தப் பரிசு என் வாழ்க்கையையே ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டது. கோயம்புத்தூரில் இலக்கியம் படித்தேன். சேலத்தில் ஒரு கல்லூரியில் இத்தனை வருடமாக அதையே பாடம் நடத்துகிறேன். பத்திரிகைகளில் உலக நாவல்களைப் பற்றி எழுதுகிறேன். எங்கோ ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்தால், அகதிகள் படகேறினால், அந்த மண்ணிலிருந்து வந்த நாவல் எது என்று என்னைக் கேட்டு இளைஞர்கள் செய்தி அனுப்புகிறார்கள், நானும் பட்டியல் போட்டு அனுப்புகிறேன். இலக்கியம் படித்தால் உலகத்தின் சமூகமும் அரசியலும் புரியும் என்று மேடையில் சொல்லும்போது நான் பொய் சொல்வதில்லை. அது புரியவே செய்கிறது. ஆனால் தூரத்து அநியாயம் படிக்கிறவரை ஒன்றும் செய்யச் சொல்லாது. அழலாம், ஆத்திரப்படலாம், பிறகு சாப்பிடப் போகலாம். அங்கே நாம் எப்போதும் கிழவியின் பக்கம்தான் நிற்போம், பெஞ்சைக் கழுவச் சொன்னவர்களின் முகத்தில் நம் சாயல் தெரியாது. புத்தகத்தின் மேல் குற்றம் இல்லை. அதே புத்தகத்தை அதே வாரத்தில் படித்த இன்னொருத்திக்கு அது எங்கள் ஊரைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது.

சென்ற மாதம் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் இதே பொருளில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே, முதல் தடவையாக மாணவர்கள் முன்னால், களத்து ஓரத்துப் புத்தகத்தின் கதையைச் சொன்னேன். பெஞ்சைக் கழுவிய கதையைப் படித்து அழுத பெண், தன் அம்மா தோழியின் புத்தகத்தை வெயிலில் வைத்தபோது வாய் திறக்காமல் நின்றாள் என்று சொல்லி, அந்த மௌனத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன் என்று முடித்தேன். நாமக்கல் போட்டியைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட, அது ஊர் ஊராகச் சுற்றியது. "என்ன ஒரு நேர்மை" என்று எனக்குத் தெரியாதவர்கள்கூட எழுதினார்கள். அதையெல்லாம் இரண்டு மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்கொடி போன் செய்தாள். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நர்ஸ் படிப்பு முடித்துச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், ராசம்மா அவளோடு இருக்கிறார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். அவள் குரலைக் கேட்டதும், நான் பேசியதைப் பாராட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டேன். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நலம் விசாரித்தாள், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

"நீ பேசுனதை எம்மகன் போன்ல காட்டுனான். உங்கம்மா அன்னைக்கு ஊர்லயே இல்லியே."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சேலத்துல உங்க சித்தி ஊட்டு வளைகாப்புன்னு காத்தாலயே பஸ் ஏறிட்டாங்க. உங்கூட்டுல இருந்து டீ வராம, எங்கம்மாதான் ரோட்டுக் கடைக்குப் போயி எல்லாத்துக்கும் வாங்கியாந்துச்சு. அதான் எனக்கு நல்லா ஞாபகம்" என்றாள். அம்மா வைத்ததாகத்தான் எனக்கு ஞாபகம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இருக்கட்டும் என்று நிறுத்திவிட்டு, வீடியோவை ராசம்மாவும் பார்த்ததாகச் சொன்னாள். ராசம்மா, "செத்துப்போனவங்க மேல அந்தப் புள்ள ஏன் இதைப் போடுது?" என்று கேட்டாராம்.

"உங்கம்மா ஒசத்தின்னு நான் சொல்ல வரல" என்றாள் பூங்கொடி. "எங்கம்மாவுக்கு எட்ட நின்னு தூக்கித்தான் தண்ணி ஊத்துவாங்க. அது வேற. இது நீ செஞ்சது. சொல்றதுன்னா நான் செஞ்சேன்னு சொல்லோணும்." கோபம் இல்லாமல்தான் சொன்னாள். மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்வாளே, அந்தக் குரல்.

அந்தப் பெஞ்சு கழுவினவனைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானாக எடுத்து, நாமக்கல்லில் அது நீ சொன்னது என்று நான் சொல்லாமல் விட்டேன் என்றேன். "தெரியும்" என்றாள். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். எழுது, ஆனால் அழுகிற மாதிரி எழுதாதே என்றாள்.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. அதற்கு முன்பே அப்பா. சேகோவை மூடி, எந்திரங்களை எடைக்குப் போட்டாயிற்று. களத்தை வெட்டிப் பிளாட் போட்டு விற்றதில் இப்போது அந்த இடத்தில் ஆறு வீடுகள் நிற்கின்றன. பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை இடிந்து, கடைசி அலமாரி எங்கே போனதென்று கேட்க ஆளில்லை. அந்த நாவலைப் பழைய புத்தகக் கடைகளிலெல்லாம் தேடிவிட்டேன், ஒரு பிரதியும் கிடைக்கவில்லை. சாட்சி சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் போனதில் எனக்குள் ஒரு நிம்மதி இருந்திருக்கிறது என்பதை அந்தப் போன் வந்த பிறகுதான் கண்டுகொண்டேன். அம்மாவை அங்கே நிறுத்தியது மறதியால் அல்ல. வாய் மூடி நின்றதற்கு வெட்கப்படுவது சௌகரியமான வெட்கம். அதைச் சொன்னால் கைதட்டுவார்கள்.

ஆகவே, மேலே அம்மா புத்தகத்தை வாங்கிக் களத்து ஓரம் வைத்தாள் என்று நான் எழுதியிருக்கும் பத்தியை அழிக்காமல் விட்டிருக்கிறேன். எத்தனை சரளமாக எனக்கு அது வருகிறது என்று நீங்களும் பார்க்க வேண்டும். நடந்தது வேறு. அன்று அம்மா சேலத்தில் இருந்தாள். வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. நானே பையிலிருந்து நாவலை எடுத்தேன். ஓரத்தைப் பிடித்துக் கொண்டுபோய் வெயிலில் விரித்து, கல்லைத் தேடி எடுத்து மேலே வைத்தேன். நிமிர்ந்தபோது கேட்டருகே பூங்கொடி நின்றாள். அவள் பார்த்தது அவ்வளவுதான். அவள் கிழங்குக் குவியல் பக்கம் போன பிறகு நான் வீட்டுக்குள் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.